மாமிக்கு என்ன விருப்பம்

மாமி என் முன்னால் சாப்பிட்டதில்லை. ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் வாய்க்குள் ஒரு பருக்கை போனதை நான் கண்டதில்லை. மருமகனுக்கு முன்னால் மாமியார் வாயசைக்கக் கூடாது, முகத்துக்கு நேரே பேசவும் கூடாது என்பது அந்த ஊர்ப் பழைய பெண்கள் சிலரின் ஒழுங்கு. இளையவர்கள் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். மாமி விடவில்லை. நான் சாப்பிட்டு எழும்பிக் கை கழுவி, வாசலைத் தாண்டின பிறகுதான் குசினிக்குள் சோற்றுக் கோப்பை எடுக்கிற சத்தம் கேட்கும்.

நான் கதிரவெளிக்காரன், கடற்கரையில் வளர்ந்தவன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் வேலை கிடைத்துப் படுவான்கரைக்கு வந்தேன். படுவான்கரை என்றால் வாவிக்கு மேற்குப் பக்கம், வயலும் எருமையும் உள்ள பக்கம். எங்கள் வழக்கப்படி கலியாணம் செய்தவன் பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போனேன். மாமா முன்னமே காலமாகிவிட்டார்; வீட்டில் மாமியும் என் மனைவியும் நானும். மாமி எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி வேணுமா எண்டு கேளு புள்ள" என்பார் மாமி.

மனைவி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "வேணுமா?" என்பாள்.

"போதும் எண்டு சொல்லு" என்பேன் நான். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

கலியாணமாகி மூன்றாம் வருஷம், வெள்ளாமை வெட்டு நேரம், வட்டையில் ஷெல் விழுந்தது. வட்டை என்பது பல பேருடைய வயல்கள் சேர்ந்த பெருவெளி. மனைவி அன்று வேலையாட்களுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். எழுத வந்தது மாமியைப் பற்றி.

நடுவில் நின்றவள் போய்விட்டாள். நானும் மாமியும் மிஞ்சினோம். பெண் போன பிறகு இவன் ஏன் இன்னும் இங்கே நிற்கிறான் என்று ஊரில் கேட்டார்கள். கதிரவெளிக்குப் போகிற ரோட்டு அப்போது பூட்டு. அதைச் சாட்டாகச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்த மனிசியைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் மகளை இழந்தவர், நான் மனைவியை இழந்தவன். இரண்டு பேருக்கும் இழவு ஒன்று. ஆனால் அதைப் பற்றி ஒரு சொல் பேசிக்கொள்ள எங்களுக்கு வழி இல்லை.

வழியை மாமிதான் கண்டுபிடித்தார். வீட்டில் ஒரு நாய் நின்றது, மனைவி வளர்த்தது. மாமி அதனிடம் சொல்லத் தொடங்கினார். "சோறு போட்டு மூடிக் கிடக்கு. சாப்பிடச் சொல்லு" என்பார். நாய் வாலை ஆட்டும். நானும் பழகிக்கொண்டேன். "இண்டைக்கு வரச் சுணங்கும் எண்டு சொல்லு" என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். வெளியூர் ஆள் யாராவது பார்த்திருந்தால் இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். அப்படி இரண்டு வருஷம் ஓடியது.

மாமியின் சமையல் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்டுக் கறி, வாவி நண்டு, முருங்கையிலை போட்டு. கடல் நண்டு தின்று வளர்ந்த நான் முதலில் நையாண்டி பண்ணினேன். பிறகு சட்டியை வழித்தேன். கிழமைக்கு இரண்டு தரம் கரடியனாற்றுப் பக்கத்தில் இருந்து தயிர்க்காரர் ஒருவர் சைக்கிளில் மண் முட்டிகளைக் கட்டிக்கொண்டு வருவார். மாமி வேலிப் படலையில் நின்று ஒரு முட்டி வாங்குவார். எருமைத் தயிரின் மணம் எனக்கு ஒத்துவராது. பக்கத்து வளவுக்குக் கொடுக்கிறாராக்கும் என்று இருந்தேன். ஒரு வீட்டில் இருக்கிற ஆள் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு காலத்தில் கறியில் உறைப்பு குறையத் தொடங்கியது. பிறகு புளியும் இல்லை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நாயிடம் சொன்னேன்: "இதென்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லு." அடுத்த நாள் கறி நெருப்பு. கண்ணில் தண்ணி வந்தது. வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. பதம் பார்க்கக் கறியை நாக்கில் வைக்க முடியாமல், கைக்கு வந்தபடி தூளைப் போட்டிருக்கிறார் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பக்கத்து வளவில் இருந்தவர், மாமியோடு ஒன்றாக வளர்ந்தவர், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஒரு காலை சங்கக்கடைக்கு வந்தார். சாமான் வாங்க வந்த ஆட்கள் போகும் வரை மூலையில் நின்றார்.

"தம்பி, உங்கட மாமிட வாய்க்குள்ள புண். கன்னத்தில. நாலஞ்சு மாசமாம். எனக்கே இண்டைக்குத்தான் காட்டினா. வெத்திலய அந்தப் பக்கம் அடக்கி அடக்கி மறைச்சிருக்கா."

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துறையில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். பாதையில் ஏறிக் குருக்கள்மடத்துக் கரையில் இறங்கி, ஆமிக்காரரின் சோதனையைத் தாண்டி, பஸ் பிடித்துப் போக வேண்டும். சதையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பினார்கள். புற்று என்று வந்தது. கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் தந்தார்கள்.

அந்தப் பயணத்தில் எத்தனை இடத்தில் இறங்கி நடந்தோம் என்று ஞாபகமில்லை. ஓரிடத்தில் ஒரு ஆமிக்காரன் மாமி வாயில் பொத்தியிருந்த லேஞ்சியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினான். மாமி என்னைப் பார்த்தார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் லேஞ்சியை எடுத்தார். ஆமிக்காரன் என்ன கண்டானோ, போகச் சொல்லிவிட்டான்.

கொழும்பில் நிறுத்துப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று கிலோ. டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, மலைநாட்டுப் பக்கத்து நேர்ஸ் ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார். என்னை மகன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

"கரண்ட் பிடிக்கணும், புண்ணைக் கதிரால எரிக்கிறது. வரிசை இருக்கு, ஏழு கிழமை கழிச்சு வாங்க. அதுவரைக்கும் நிறை குறையக் கூடாது. நாப்பதுக்குக் கீழ போனா உடம்பு தாங்காது, டொக்டர் செய்ய மாட்டார். அம்மாகூடப் பேசிக்கிட்டே இருங்க, தனியா யோசிக்க விடாதீங்க. மனசு விழுந்திட்டா சோறு இறங்காது." பிறகு மாமியின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "விரும்பினதெல்லாம் குடுங்க. எதையும் மறிக்காதீங்க."

'விரும்பினதெல்லாம் குடுங்க' என்றது மட்டும்தான் என் காதில் நின்றது.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை ஒரு நேரத்தில்தான் சொல்வார்கள். பரியாரி, அதாவது நாட்டு வைத்தியர், நாடி பார்த்துவிட்டு எழும்பி, படலை வரை போய், வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்வார்: "இனி விரும்பினதக் குடுங்க." அவ்வளவுதான். அன்று பின்னேரமே சொந்தக்காரர் ஒவ்வொருவராகச் சட்டியோடு வந்துவிடுவார்கள். ஒருவர் மீன் பொரித்துக் கொண்டு வருவார், ஒருவர் பாயசம். பாயில் கிடக்கிறவருக்கும் சட்டிகளைக் கண்டதும் விளங்கிவிடும். கதிரவெளியில் என் பெரியப்பா அப்படி இறால் பொரியலைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததை நான் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறேன்.

நிறையைக் குறைய விடாதே என்று ஒரு சொல். விரும்பினதைக் கொடு என்று ஒரு சொல். முதலாவதை ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், இரண்டாவதுதான் உண்மை என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் யார் நின்றிருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த மாமிக்கும் அது கேட்டிருக்கும். ஊர் வரும் வரை பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டீர்களா, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாயும் வீட்டில் நின்றது.

வீட்டுக்கு வந்து நான் ஒரு முடிவு எடுத்தேன். விரும்பினதைக் கொடுத்தால் மாமிக்குத் தன் கதை முடிந்தது என்று விளங்கிவிடும். மறித்தால்? பத்தியம் காக்கிற வீட்டில்தானே பிழைக்கிற நம்பிக்கை இருக்கும். ஆகவே நான் பத்தியம் வைப்பேன், ஊரில் எவரும் வைக்காத பத்தியம் வைப்பேன். மாமி அதைப் பார்த்து, இவன் என்னைக் காப்பாற்றப் போகிறான் என்று நம்புவார். நேர்ஸ் பேசச் சொன்னாரே, பேசத் தெரியாத நான் பத்தியத்தால் பேசப் போகிறேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

பரியாரியிடம் போய் எழுதி வாங்கினேன். புண்ணைக் கிளப்புகிற சாப்பாட்டைக் கிரந்தி என்பார்கள். நண்டு, இறால், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி. தயிர் குளிர், அதை முதலாவதாக வெட்டினார். பாலும் வேண்டாம். மிஞ்சினது அரிசிக் கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணியும் பயற்றம் சொதியும். கடதாசியைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். தயிர்க்காரர் வந்து மணி அடித்த அன்று நானே படலைக்குப் போய், "மாமிக்குப் பத்தியம், இனி சைக்கிள இங்க நிப்பாட்ட வேணாம்" என்று சத்தமாகச் சொன்னேன். மாமிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்திருந்த காசைத் திரும்ப இடுப்பில் முடிந்துகொண்டார்.

சமையல் என் கைக்கு வந்தது. கஞ்சியைக் காய்ச்சி, ஆற வைத்து, குசினிக்குள் மூடி வைத்துவிட்டு நான் வெளியே போவேன். திரும்பி வரும்போது கோப்பை காலியாக இருக்கும். குடிக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். நாய் கொழுத்துக்கொண்டு வந்ததை நான் கண்டும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக்கடையைத் திறந்து, மாமியை அரிசி மூடை நிறுக்கிற தராசில் ஏற்றுவேன். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி ஏறி நிற்பார். பெரியம்மா ஒரு கையைப் பிடித்திருப்பார். நான் படிக்கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். நாற்பத்து இரண்டு. அடுத்த ஞாயிறு நாற்பத்து ஒன்று. பிறகு நாற்பது. பிறகு முப்பத்தொன்பது. தராசு பிழையாக்கும் என்று ஐம்பது கிலோ மூடை ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

மாமி கிணற்றடியில் போய் இருக்கத் தொடங்கினார். காலையில் போனால் வெயில் ஏறும் வரை அங்கேதான். தலை வாரி இழுக்கிறதில்லை. மகளின் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பதையும் விட்டுவிட்டார். "உங்கட மாமி என்னோடயும் கதைக்கிறா இல்ல தம்பி" என்றார் பெரியம்மா. புண் நோகுதாக்கும் என்றேன். எனக்குத் தெரியாமல் இல்லை. மனம் விழுந்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எத்தனையோ தரம் கிணற்றடி வரை போனேன். அவர் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பப் பார்ப்பார். நோயாளியை ஏன் எழுப்ப வேண்டும் என்று வாளியை எடுத்து, தேவையில்லாமல் தண்ணி அள்ளிக்கொண்டு திரும்புவேன்.

ஐந்தாம் கிழமை முப்பத்தெட்டு. அந்தக் கிழமை நோக்காட்டுக் குளிசை, நோவைக் குறைக்கிற மாத்திரை, வாங்க நான் மட்டும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த தமிழ் டொக்டர், ஆள் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். பத்தியம் பிசகாமல் காக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"என்ன ஐசே சொல்றீர்? கஞ்சித் தண்ணியிலயா ஆள வச்சிருக்கிறீர்?"

"கொழும்பில விரும்பினதெல்லாம் குடுக்கச் சொன்னவங்க, டொக்டர். அப்பிடியெண்டா…"

"அப்பிடியெண்டா அப்பிடித்தான். வாய் புண்ணான ஆளுக்கு எது இறங்குதோ அதக் குடுத்து உடம்ப ஏத்தச் சொன்னது. சாகப் போற ஆளுக்கு ஏழு கிழமைக்குப் பிறகு தேதி குடுப்பாங்களா? முட்டை குடும், பால் குடும், மீனக் குழைச்சுக் குடும். இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. ரெண்டு கிலோ ஏத்தும், கொண்டு போம்."

இவ்வளவு ஏச்சு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். மாமி பிழைப்பார். ரெண்டே கிலோ. சங்கக்கடைக்காரனுக்கு ரெண்டு கிலோ பெரிய விஷயமா! கடையில் பால்மாப் பைக்கற்றுகள் வாங்கினேன். துறையில் ஆமிக்காரன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தான். மேற்குக் கரைக்குப் பால்மா இத்தனைதான் போகலாம் என்று கட்டுப்பாடு. நான் என் கன்னத்தைத் தொட்டு, வாயைத் திறந்து, நோயாளி என்று காட்டினேன். அவன் யோசித்துவிட்டு இரண்டு பைக்கற்றை என் பக்கம் தள்ளினான். மற்றவை அங்கேயே நின்றன.

பாதைக்குக் காத்து நிற்கும்போதுதான் யோசித்தேன், மாமிக்கு என்ன விருப்பம்? பெரியம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கக் கூடாது. மாமிக்கு எது விருப்பம் என்று நான் வாய் திறந்து கேட்டால், அன்று பின்னேரம் ஊர் முழுக்கச் சட்டியோடு வந்துவிடும். மாமியிடம் கேட்க நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கேட்கத்தான் வேண்டுமா என்ன, ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் அவர் நண்டு காய்ச்சவில்லையா? பாதை ஏறும்போது, குருக்கள்மடத்துக் கரையில் வலைக்காரரிடம் வாங்கின ஆறு நண்டு என் பையில் அசைந்துகொண்டிருந்தது.

தூள் போடாமல், தேங்காய்ப் பாலில் காய்ச்சினேன். ஓட்டை உடைத்து, சதையை நார் நாராக எடுத்து, சோற்றைக் குழைத்து அதில் பிசைந்தேன். நான் இருந்து சாப்பிடுகிற இடத்தில் பாயை விரித்துக் கோப்பையை வைத்தேன். "வந்து சாப்பிடச் சொல்லு" என்றேன் நாயிடம்.

மாமி வந்தார். கோப்பையைப் பார்த்தார்.

"நண்டா?" என்றார். நாயிடமும் இல்லை, என்னிடமும் இல்லை; கோப்பையைப் பார்த்தே கேட்டார்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாயில் இருந்தார். நான் வழக்கப்படி வெளியே போக எழும்பினேன்.

"இருங்க" என்றார்.

அதுதான் மாமி என்னிடம் நேரே சொன்ன முதல் சொல். நான் இருந்தேன். மாமி என் முன்னால் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணால் தண்ணி வடிந்தது. புண்ணுக்கு எரிகிறது என்று நினைத்தேன். இடையில் நிறுத்துவார், மூச்சு வாங்குவார், மறுபடியும் எடுப்பார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் முடித்தார். நான் உள்ளுக்குள் அவரோடு சேர்ந்து விழுங்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷத்தை மனைவி போன பிறகு நான் அனுபவித்ததில்லை.

கை கழுவிவிட்டு வந்து, இடுப்பில் இருந்த அலுமாரிச் சாவியை எடுத்து என் பக்கத்தில் பாயில் வைத்தார்.

"நல்லா இருந்திச்சு மருமகன். இது உங்கட கையில இருக்கட்டும். உங்களுக்குக் கன கரைச்சல் குடுத்திட்டன்" என்றார்.

மனம் குளிர்ந்து தருகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு மடையன் நான்.

அடுத்த நாள் காலை பால் கரைத்து வைத்தேன். தொடவில்லை. மத்தியானம் முட்டை அவித்து மசித்து வைத்தேன். "வேணாம் எண்டு சொல்லு" என்றார் நாயிடம். பின்னேரமும் அப்படியே. அவரின் முகத்தைப் பார்த்தேன். கோபமோ அழுகையோ அதில் இல்லை. எல்லா வேலையையும் முடித்துவிட்டு இருக்கிற ஆளின் முகம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொழும்பில் அந்தச் சொல் அவருக்கும் கேட்டிருக்கிறது. அதற்காகத்தான் ஐந்து கிழமை காத்திருந்திருக்கிறார். நண்டைக் கண்டதும், சரி, வந்துவிட்டது என்று இருந்து சாப்பிட்டிருக்கிறார்.

நான் நிலத்தில் அவருக்கு முன்னால் இருந்தேன். ஒழுங்கும் கிழங்கும் போகட்டும் என்று முகத்துக்கு நேரே பேசினேன். டவுன் டொக்டர் சொன்னதைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன், ரெண்டு கிலோவைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே அழுதேன். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் மருமகன், ஓம்" என்றார். பிள்ளையைத் தேற்றுகிற குரலில் சொன்னார். சாகப் போகிறவரிடம் வேறு என்னதான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் அழ அழ அவருக்கு அது உறுதியாகிக்கொண்டே போனது.

டவுன் டொக்டரின் வாயால் கேட்டால் நம்புவார் என்று பாதை ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். மாமி "ஓம் ஐயா" என்றார். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னாராம்: "நல்ல மனிசன்கா அந்த டொக்டர். எவ்வளவு ஆறுதலாக் கதைச்சார்."

நண்டு காய்ச்சின கதை எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. சட்டிகள் வந்தன. முதலில் வந்தது பொரித்த மீன், பிறகு பால்கஞ்சி, பிறகு பலகாரம். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் மாமி தலையை ஆட்டி, வந்தவரின் கையைப் பிடித்து விடுவார். நான் படலையை மறித்து நின்று கத்தினேன். "ஆருக்குக் கொண்டு வாறீங்க? ஆரு சாகப் போறா?" என்று கத்தினேன். தம்பிக்கு மனம் பேதலிச்சிட்டு என்று சொல்லிக்கொண்டு, பின்பக்கத்தால் போய்ச் சட்டியை வைத்தார்கள். நாளுக்கு இரண்டு கிளாஸ் தண்ணி, என் கரைச்சல் தாங்காமல் சில நேரம் மூன்று கரண்டி கஞ்சி. அதற்கு மேல் அவரை வாய் திறக்க வைக்க என்னால் முடியவில்லை. பலவந்தமாகக் கரண்டியை வைக்கிற அளவுக்கு எனக்குக் கல் நெஞ்சும் இல்லை. மருமகன் மாமியின் வாயைத் தொடுகிறதா? அதையும் ஒரு நாள் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை இறுக்கி வைத்திருந்தார்.

தேதிக்குக் கொழும்புக்குப் போனோம். பஸ்ஸில் ஏற்றும்போது தூக்கித்தான் ஏற்றினேன். முப்பத்து நாலரை. அதே நேர்ஸ் முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மகன், அம்மாவுக்குச் சாப்பாடு குடுக்கலியா?"

நான் வாயைத் திறக்கும் முன் மாமி லேஞ்சியை விலக்கினார். "அவர் எல்லாம் தந்தவர் புள்ள. அவரப் பேசாதீங்க" என்றார்.

டொக்டர் கடதாசியில் நோக்காட்டு மருந்து மட்டும் எழுதினார். கரண்ட் பிடிக்க முடியாது என்று நேர்ஸ் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "வீட்டுக்குக் கொண்டு போங்க. விரும்பினதக் குடுங்க" என்றார். இந்தத் தரம் நான் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் இருந்தார். ஒரு காலை, பெரியம்மா முகம் துடைத்து விட்டுக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். நான் வாசலில் நாயோடு இருந்தேன்.

எட்டாம் நாள் படையலுக்குப் பெரியம்மாதான் வந்து அடுப்பு மூட்டினார். செத்தவருக்கு விருப்பமான சாப்பாட்டை வாழையிலையில் வைக்க வேண்டும்.

"நண்டு வாங்கிக் கொண்டு வாறன்" என்றேன்.

பெரியம்மா அகப்பையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நண்டா? அவ நண்டு தின்னமாட்டாவே தம்பி. சின்ன வயசில இருந்தே வாயில வைக்கமாட்டா, மணமே பிடியாது. உங்களுக்கு விருப்பமெண்டு உங்கட மனிசி சொன்ன நாள்ல இருந்துதானே ஞாயிற்றுக்கிழமையில காய்ச்சினவ."

அந்தக் கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அப்ப மாமிக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"தயிர்தான். சோத்த விட்டாலும் தயிர விடமாட்டா. இந்த ஊரில ஆருக்கும் தெரியுமே."

தயிர். மெல்ல வேண்டியதில்லை, எரியாது, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கிழமைக்கு இரண்டு தரம் படலைக்கு வந்து மணி அடித்தது.

அன்று தயிர்க்காரர் வருகிற நாள். நான் ரோட்டில் போய் நின்றேன். அவர் எங்கள் வளவைப் பார்க்காமலே மிதித்துக்கொண்டு போனார். நான் சொன்ன நாளில் இருந்து அப்படித்தான் போகிறார். பின்னால் ஓடிப் போய் மறித்து, ஒரு முட்டி தரச் சொன்னேன். கரடியனாற்றுப் பக்கத்து ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கேட்டார்.

"மாமிட பத்தியம் முடிஞ்சிட்டா தம்பி?"

"ஓம்" என்றேன். முட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.